இடுப்பில் சுமக்கும் பிள்ளைக்கும் கழகத்தில் இடம்

(மரக்காணத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகத்தின் துணையால் படித்து உயர்ந்தவர்களின் பெயர்ப்பட்டியலைச் செயலாளர் அவர்கள் சற்றுமுன் படித்தார்கள். ஆசிரியர்களும் செவிலியர்களும் அரசு அலுவலர்களும் அதில் இருந்தார்கள். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. அந்தப் பட்டியலில் எக்காலத்தும் இடம்பெற இயலாத சில பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கல்வியும் முன்னேற்றமும்' என்பது. அதனை மாற்றிக்கொள்ள இசைந்த தலைவர் அவர்களுக்கு என் நன்றி.

என் இளைய மகளுக்கு இப்போது பதினாறு வயது. அவளுக்குக் கழுத்து நேராக நிற்பதில்லை. கைகால்கள் விறைத்து மடங்கியிருக்கின்றன. பேச்சு இல்லை. சோற்றைப் பிசைந்து நாம்தான் ஊட்ட வேண்டும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே அவள் விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் ஆகும். அவள் தாய் உப்பளத்தில் வேலை செய்பவள். நிறைமாதத்திலும் பாத்தியில் நின்றாள். பிள்ளை பிறந்தவுடன் அழவில்லை. அழ வைப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. பின்னர் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, இதற்காகச் செலவு செய்ய வேண்டாம், வேறொன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் அங்கிருந்த ஒருவர். உறவினர் சொன்னது வேறு: போன பிறவியில் செய்த பாவம்.

நண்பர்களே, இந்த இரண்டாவது சொல்லை நான் எளிதில் விட இயலாது. நம் முன்னோர் ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கலாகாது, தெருவில் நடக்கலாகாது என்று தடுக்கப்பட்டபோது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? முற்பிறவிப் பயன் என்பதுதானே! முன்வினையே இப்பிறவியின் நிலையை முடிவு செய்கிறது என்னும் கொள்கையை அண்ணல் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மறுத்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1957இல் அந்நூல் வெளிவந்தது. அவர் படத்திற்கு ஆண்டுதோறும் மாலையிடுகின்ற நாம், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு, எழுந்து நடக்க மாட்டாத ஒரு குழந்தையைப் பார்த்து அதே நியாயத்தைப் பேசுகிறோம். நம்மைத் தள்ளி வைத்த கோலை நாமே கையில் எடுத்து நம்மினும் எளியவர்மீது வீசுவது எவ்வகையில் அறமாகும்?

நோயின் உண்மைதான் என்ன? இதற்கு மூளை முடக்குவாதம் என்று பெயர். கருவிலிருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறு காலத்திலோ மூளையின் ஒரு பகுதி பழுதுபடுவதால் உண்டாவது. பிறக்கும் நேரத்தில் உயிர்க்காற்று குறைதல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் முதலியன காரணங்களாகலாம். ஒட்டிக்கொள்ளும் நோயன்று. முழுமையாகக் குணமாக்கும் மருந்தும் இல்லை. ஆதலால் மந்திரிப்பவர்க்கும் ஊசி போடுபவர்க்கும் கடன் வாங்கிக் கொடுப்பதால் பயனில்லை. பயனுள்ளது நாள்தோறும் செய்யும் பயிற்சி. மடங்கிய மூட்டுகளை மெல்ல நீட்டிப் பழக்காவிட்டால் அவை அப்படியே இறுகிவிடும். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். இத்தகைய பிள்ளையைப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சளி கட்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னே சாயாமல் தாங்கிப் பிடித்து ஊட்டுங்கள். இரண்டு சுவர் கூடும் மூலையைப்போல இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒரு நாற்காலி செய்தால் பிள்ளை சரியாமல் உட்காரும். நம் ஊர்த் தச்சர் ஒருவர் அரை நாளில் செய்து கொடுத்தார். அதன்பிறகுதான் என் மகள் தெருவைப் பார்த்தாள். அதுவரை அவள் பார்த்தது கூரையை.

இது ஏதோ சில வீடுகளின் துன்பம் என்று எண்ணிவிட வேண்டாம். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். மொத்த மக்களில் நூற்றுக்கு 2.21. பட்டியல் சாதியினரிடையே அது நூற்றுக்கு 2.45. இந்த வேறுபாடு இரத்தத்தில் வந்ததா? தாய்க்குச் சத்துணவின்மை, ஓய்வின்மை, பிள்ளைப்பேற்றின்போது உரிய கவனிப்பின்மை ஆகியவற்றை அருகிலிருந்து கண்டவர்களுக்கு விடை சொல்ல வேண்டியதில்லை.

இனி, பெற்றோர் அன்பு எதைச் செய்ய வல்லது என்பதற்கு வருகிறேன். கல்கத்தாவில் 1966இல் மாலினி என்றொரு குழந்தை இதே குறையோடு பிறந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். தாய் மிது ஆலூர் அம்மையார் இங்கிலாந்துக்குச் சென்றார். இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தாமே பயின்றார். திரும்பி வந்து, தம் மகளை ஏற்கும் பள்ளி இந்நாட்டில் இல்லையென்று கண்டு, 1972இல் பம்பாயில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் மூவர். அங்கே பயின்ற மகள் கல்லூரிப் பட்டம் பெற்று, இலண்டன் சென்று மேற்பட்டங்களும் பெற்று, ஒற்றைச் சிறுவிரலால் தட்டச்சுச் செய்து தம் வரலாற்றை 2010இல் நூலாக்கினார்.

நம் சென்னையிலும் அத்தகைய ஒரு தாய் உண்டு. பூனம் நடராஜன் அம்மையார். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மகனுக்குத் தாய். 1985இல் சென்னையில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்று 'வித்யாசாகர்' என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் நடைபெறுகிறது. பின்னர் அவர் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். அந்த அறக்கட்டளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஓர் இளைஞர் முகத்தில் ஐயம் தெரிகிறது. அவர்கள் படித்தவர்கள், பட்டணத்தார், வசதியுடையவர்கள், உப்பு வாரும் தாய்க்கு அவர்களை எப்படி எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்று அவர் எண்ணுகிறார். நியாயமான ஐயமே. இங்குள்ள தாய் விடியுமுன் பாத்திக்குப் போகிறாள். வெயிலும் உப்பின் வெண்மையும் கண்ணைக் கூசச் செய்ய, கால் வெடிப்பில் உப்புநீர் எரிய, தலையில் கூடை சுமக்கிறாள். வீடு திரும்பினால் இடுப்பில் பிள்ளையைச் சுமக்கிறாள். பத்து வயதுவரை சுமப்பாள். அதற்குமேல் முதுகு இடங்கொடாது. அவளிடம் இங்கிலாந்துக்குப் போ என்று யார் சொல்வார்? மாவட்ட அலுவலகம் இருக்கும் விழுப்புரத்திற்கே திண்டிவனம் போய்ப் பேருந்து மாறித்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். வளர்ந்த பிள்ளையைப் பேருந்துப் படியில் தூக்கி ஏற்ற இன்னொருவர் வேண்டும். அவர் கூலியும் போகும். ஒற்றைத் தாய் தன் அன்பினால் மட்டும் செய்ய இயலாததைச் செய்வதற்குத்தானே கழகம் என்று ஒன்றை அமைத்தோம்?

மாலினி போன்றாரின் வரலாற்றைச் சொல்வதில் வேறொரு தீங்கும் உண்டு. அவருடைய அறிவு குறையற்றது, உடல் மட்டுமே ஒத்துழைக்கவில்லை. என் மகள் நூல் எழுதப் போவதில்லை. நன்மதிப்பெண் பெற்று இம்மேடையில் பரிசு வாங்கப் போவதுமில்லை. சாதித்துக் காட்டிய பிள்ளைகளையே மேடைதோறும் பாராட்டிக்கொண்டிருந்தால், சாதிக்க இயலாத பிள்ளையின் தாய் கூட்டத்தின் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார நேரும். ஆதலால் பிரான்சு நாட்டிலிருந்து வேறொரு செய்தி சொல்கிறேன். அந்நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த தளபதி தெகோல் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவருடைய இளைய மகள் ஆன் 1928இல் மனவளர்ச்சி குன்றியவளாகப் பிறந்தாள். அக்காலத்தில் செல்வக் குடும்பத்தார் இத்தகைய பிள்ளைகளை எங்கேனும் ஒரு விடுதியில் மறைத்துவிடுவது வழக்கம். தெகோல் தம்பதியர் தம்முடனேயே வைத்துக்கொண்டனர். இறுகிய முகத்திற்குப் பெயர்போன அந்த மனிதர் மகளோடு பாடி விளையாடுவாராம். ஆன் எதையும் சாதிக்கவில்லை. 1948இல், இருபது வயதில், இறந்தாள். அவள் பெயரால் பெற்றோர் நிறுவிய அறநிலையம் நிலைத்திருக்கிறது. அதே காலத்தில் அண்டை நாடான ஜெர்மனியில் ஹிட்லரின் அரசு இத்தகைய உயிர்களை வாழத் தகுதியற்றவை என்று முத்திரையிட்டு, 1939 முதல் பல்லாயிரக்கணக்கில் கொன்றது. பயனைக் கொண்டு மனித உயிரை நிறுக்கத் தொடங்கினால் தராசு எங்கே போய் நிற்கும் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றோடு உடற்குறையுற்ற நிலையிலும் கல்விக்கும் பொது உதவிக்கும் அரசு வழிசெய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு கூறுகிறது. அண்ணல் தலைமையில் வரையப்பட்ட சட்டம் அது. எனினும் அது வழிகாட்டு நெறி. அதனை வைத்து நேரே நீதிமன்றத்தில் நிறைவேற்றிக்கொள்ள இயலாது. பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் பிரிவிலோ சாதி, சமயம், இனம், பால், பிறந்த இடம் ஆகியன உண்டு, உடற்குறை என்ற சொல் இல்லை. 1995இல்தான் தனிச் சட்டம் வந்தது. 2016இல் அதனினும் விரிவான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 92ஆம் பிரிவை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். பொதுமக்கள் பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. 'பொதுமக்கள் பார்வையில்' என்னும் சொற்களை எங்கோ படித்ததுபோல் இருக்கிறதல்லவா? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நமக்காக எழுதப்பட்ட சொற்கள் அவை. இரண்டு சட்டங்களும் ஒரே காயத்தை அறிந்தவை.

அச்சட்டத்தின்படி ஆறு முதல் பதினெட்டு வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமை உண்டு. பள்ளிக்கு வர இயலாத கடும் பாதிப்புடையோர் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2000 ரூபாயாக இருந்தது. இவை பிச்சையல்ல என்று நான் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் அல்லர் நீங்கள்.

எல்லாப் பெற்றோரையும் நள்ளிரவில் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. நமக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார்? அக்கேள்விக்கு விடை தேடிப் பிறந்ததுதான் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனையற்ற நிலை, மனவளர்ச்சிக் குறைவு, பல்வகைக் குறை ஆகியவற்றை உடையவர்களுக்கானது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்தபின் அவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழு நியமிக்கும். நிராமயா என்னும் காப்பீட்டின்வழி ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவும் பெறலாம். என் மகளுக்கு இன்னும் இரண்டாண்டில் அந்த வயது நிறையும். இத்தாள்களை எல்லாம் நான் படிக்கத் தெரிந்தவனாதலால் படித்தேன். கையெழுத்துக்குப் பெருவிரல் நீட்டும் தாய்க்கு யார் படித்துச் சொல்வது?

ஆதலால் கழகத்திடம் என் வேண்டுகோள் பெரிதன்று. தேர்ச்சி பெற்றவர்க்கே உதவி என்பது நம் விதி. அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தேர்வே எழுத இயலாத பிள்ளையும் இக்கழகத்தின் பிள்ளை என்பதே அவ்வரி. மாலைப் படிப்பகத்தின் வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. அவற்றின் ஓரமாக ஒரு சாய்தளம் கட்ட அரை மூட்டை சிமெண்டு அதிகமாகப் போகலாம். மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கி உப்பள வேலை நிற்கும் மாதங்களில் தாய்மார்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசிருக்காது என்பதும் உண்மை. அந்த மாதங்களிலேயே சான்றிதழ் முகாமுக்கு ஒரு வண்டி அமர்த்தி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் அழைத்துச் செல்லலாம். துணைக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் வேண்டும். படிவம் நிரப்ப ஒருவர், தூக்கி ஏற்ற ஒருவர்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்பீர்கள். கணக்கு நம்மிடம் இல்லை. நான் அறிந்தவரை கதவு சாத்திய வீடுகள் பல. வாயிலருகே உள்ள மேசையில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் என் மகள் பெயரை எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்து செல்லும்போது, உங்கள் வீட்டில் இருந்தாலும், பக்கத்து வீட்டில் இருந்தாலும், அந்தப் பிள்ளையின் பெயரையும் வயதையும் தெருவையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.