நடுவில் நிற்பவர் யாருடைய ஆள்?

(விவசாயிகள் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



கடனைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இங்கு கடன்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் முதலிற் கையுயர்த்த வேண்டியவன் நானாகவும் இருக்கலாம். கடன்படுதல் குற்றமன்று. வெங்காயம் அழுகும், புகையிலை விலை விழும். வட்டி மட்டும் அழுகுவதுமில்லை, விழுவதுமில்லை.

என் கேள்வி வேறு. கொடுத்தவருக்கும் பட்டவருக்கும் நடுவே வந்து, "நான் தீர்த்து வைக்கிறேன்" என்கிறாரே ஒருவர், அவர் யாருடைய ஆள்?

சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஓர் உறுதியோடு என்னிடம் வந்தார். நடுவர் ஒருவரின் சொற்கேட்டுப் பழைய ஈட்டை ஒழித்துவிட்டு, மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு காணியை அறுதியாக எழுதிக் கொடுத்திருந்தார். நடுவர் அவரிடமும் தரகு பெற்றார். காசு கொடுத்தவரிடமும் பெற்றார். நொத்தாரிசை அழைத்து வந்தவரும் அவரே. மீட்புத் தவணை கடந்து இரண்டு மாதம் சென்ற பின்பே உறுதி என் கைக்கு வந்தது. என்னால் ஆனது மிகச் சொற்பம்.

வழக்கறிஞனாகிய நான் ஒரு விடயத்தில் இரு பக்கமும் காசு வாங்கினால், உயர் நீதிமன்றப் பெயரேட்டிலிருந்து என் பெயர் வெட்டப்படலாம். அந்த நடுவருக்கோ வெட்டுவதற்கு ஒரு பெயரேடே இல்லை!

எமது நீதிமன்றங்கள் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டத்தை வைத்தே நெடுங்காலம் காரியம் பார்த்தன. அஃது அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தின் சாயல். சாயலைத் தந்த இங்கிலாந்தோ பின்னர் வேறு வழி சென்றது. 1982இல் சேர் கெனத் கோர்க் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. 1986இல் புதிய வங்குரோத்துச் சட்டம் பிறந்தது. அதன்படி, கடனாளியின் உடைமைகளைப் பொறுப்பேற்பவரும், கடன் இணக்கத்தை மேற்பார்வை செய்பவரும் அனுமதிபெற்ற தொழிலராய் இருத்தல் வேண்டும். அனுமதியின்றிச் செய்தால் அது குற்றம். அவர் 250,000 பவுண் பொதுப் பிணை கட்ட வேண்டும்; கடனாளியின் பணத்தைத் தம் பணத்தோடு கலத்தல் ஆகாது. வாக்களிக்கும் கடன்கொடுத்தோரில், தொகைப்படி நான்கில் மூன்று பங்கினர் இணங்கினால், இணங்காதவரையும் அந்த ஏற்பாடு கட்டும். இவ்வளவு வலிமை அதற்கு இருப்பதனாற்றான் நடத்துபவர் மீது இவ்வளவு காவல்.

அங்கும் ஓட்டை விழுந்தது. அனுமதிபெற்றவரைக் கட்டினார்கள்; அவரிடம் ஆள் பிடித்துக் கொடுப்பவரை நெடுநாள் தளர விட்டார்கள். இலவச ஆலோசனை என்று விளம்பரம் செய்த சில நிறுவனங்கள், கடனாளியை இணக்க ஏற்பாட்டுக்கு அனுப்பினால் நல்ல தரகு பெற்றன. ஏழைக்குப் பொருத்தமான கடன் நிவாரணக் கட்டளைக்கு அனுப்பினால் அத்தகைய தரகு இல்லை. ஆலோசனை எப்பக்கம் சாயும் என்பதற்குச் சோதிடம் வேண்டுமா? 2023இல் பிரித்தானிய நிதி நடத்தை அதிகாரசபை அந்நிறுவனங்கள் அத்தரகைப் பெறுவதைத் தடை செய்தது.

ஆகவே நாம் சட்டசபையிற் கேட்கவேண்டியது வெறுமனே புதிய வங்குரோத்துச் சட்டமன்று. கூலிக்குக் கடன் தீர்ப்பவர் எவராயினும் பதிவு பெறவேண்டும், பிணை கட்டவேண்டும், யாரிடம் எவ்வளவு பெறுகிறார் என்பதை ஒப்பத்துக்கு முன்னரே எழுத்திற் காட்டவேண்டும். ஆள் பிடிப்பவரையும் இவ்விதி கட்டவேண்டும். என் தொழிலைச் சேர்ந்தோரும் நொத்தாரிசுமாரும் இதற்கு விலக்கல்லர். இதைச் சொல்வதால் எனக்குச் சில நண்பர்கள் குறைவர், குறையட்டும்.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் இணக்கச் சபையை எம்மவரிற் பலர் அறியார். இரு தரப்பையும் அழைத்து இணக்கத்துக்கு முயல்வதே அதன் வேலை. மீட்பு நிபந்தனையோடு எழுதிய உறுதிகளும் அதன் முன் செல்லலாம். ஆனால் தவணை முடிந்தபின் போவதிற் பயனில்லை. நெடுநாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆதலால் இன்றிரவே பெட்டியைத் திறந்து உறுதியை எடுங்கள். தவணைத் திகதியைப் பாருங்கள். வாசிக்க இயலாதவர்கள் நாளைக் காலை அதை என்னிடம் கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்வதற்குக் கூலியில்லை.