சாமுவேல் காட்டிய கணக்கு



இஸ்ரயேலரின் தொடக்ககாலத் தலைவர்களுள் மோசேயும் யோசுவாவும் பெற்ற புகழைச் சாமுவேல் பெறவில்லை எனினும், பதவிகளில் அமரவிருக்கும் சட்டப் பட்டதாரிகள் முதலில் அறியவேண்டியவர் அவரே என்பது நீதிமன்றத்தில் முடி நரைத்த இவ்வுரையாளரின் துணிபு. அவர் வகித்த பொறுப்பை எபிரேயம் 'ஷோஃபேட்' என்கிறது. பழைய தமிழ் விவிலியம் அதனை நியாயாதிபதி என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு நீதித்தலைவர் என்றும் பெயர்க்கின்றன. வழக்குத் தீர்ப்பதோடு மக்களை வழிநடத்துவதும் அச்சொல்லுள் அடங்குவதால் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. (கார்த்தேஜ் நகரின் தலைமை ஆட்சியாளரும் இதன் உறவுச்சொல்லாலேயே அழைக்கப்பட்டனர் என்னும் செய்தி, தேர்வுக்கு உதவாதவற்றையே விரும்பிப் படித்த மாணவப் பருவத்தின் எச்சம்.) மக்கள் தேடி வரட்டுமென்று இராமாவிலிருந்த தம் வீட்டிலேயே தங்கிவிடாமல், ஆண்டுதோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா ஆகிய ஊர்களுக்கும் சென்று அவர் வழக்குக் கேட்டார்.

சாமுவேல் முதல் நூலின் 8, 12ஆம் அதிகாரங்களைச் சேர்த்துப் படிப்போர்க்கு, 'எடுத்தல்' எனப் பொருள்படும் 'லாகஹ்' என்னும் வினை மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். முதுமையில் அவர் நீதித்தலைவர்களாக அமர்த்த, தெற்கே பெயேர்செபாவில் பணியாற்றிய மகன்கள் யோவேலும் அபியாவும் கையூட்டு 'எடுத்தனர்'. தமிழில் வாங்கப்படும் கையூட்டு, எபிரேயத்தில் எடுக்கப்படுவது. இதைச் சுட்டி மக்கள் அரசன் வேண்டுமெனக் கேட்டபோது, அவன் அவர்களுடைய புதல்வரைத் தேர்ப்படைக்கும், புதல்வியரைச் சமையலுக்கும், நல்ல வயல்களைத் தன் அலுவலர்க்கும் எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்திலொரு பங்கும் பெறுவான் என்று சாமுவேல் எச்சரித்தார். சவுல் அரசனான பின், தாம் எவருடைய எருதையோ கழுதையையோ எடுத்ததுண்டா, எவர் கையிலிருந்தேனும் கையூட்டுப் பெற்றதுண்டா என மக்களிடமே கேட்டு, உண்டெனில் திருப்பித் தருவதாகவும் கூறினார், மக்கள் இல்லையென்றனர். பட்டம் பெறுவோர் ஓய்வு பெறும் நாள்வரை காத்திராமல், ஆண்டுக்கொருமுறையேனும் இக்கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நன்று.

ஆயினும் அவ்வுரையில் ஓரிடம் உறுத்துகிறது. தாம் நரைத்து முதிர்ந்ததைக் கூறும் சாமுவேல், தம் மகன்கள் மக்களோடு இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார். சிறுவனாகச் சீலோவில் பணியாற்றியபோது, மகன்களை அடக்காத குருவாகிய ஏலியின் குடும்பத்துக்கு வரவிருந்த தண்டனையை அவரிடமே எடுத்துரைக்க நேர்ந்தவர் இவரே. தம் மகன்களை இவர் கண்டித்ததாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. மக்கள் அளித்த சான்று தந்தைக்கு மட்டுமே உரியது. பெயேர்செபாவில் கையூட்டுக் கொடுத்தவர்களை எவரேனும் விசாரித்ததாக நூல் கூறவில்லை.