கருவி வந்தாற் போதுமா?



கண்பார்வையற்ற நம் பிள்ளைகளுக்காக இன்று கணினியும் வாய் திறந்து பேசுகின்றது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கின்றது. அவரும் பார்வையற்றவரே. அது தமிழையும் வாசிக்கும்.

ஆயினும் நம் பிள்ளை பெற்ற பயன் யாது? ஆசிரியர் பாடக்குறிப்பைப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதித் தருகின்றார். நம் கண்ணுக்கு அது 'அம்மா' என்றே தெரியும். கருவியோ அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில அடையாளங்களையே காண்கின்றது! யூனிகோடு முறையில் எழுதியிருப்பின் 'அம்மா' என்றே உரைத்திருக்கும். இச்சிறு வேறுபாட்டை ஆசிரியருக்குக் கற்பிப்பார் இல்லை. பழியோ, 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று பிள்ளையின் தலையில் விழுகின்றது.

வீட்டில் வேறொரு தொல்லை. அன்பு மேலீட்டால் தாயே விசைகளைத் தட்டிவிடுகிறாள்; பிள்ளையின் கை சும்மா கிடக்கின்றது. சுட்டியின்றி விசைப்பலகையாலேயே யாவும் இயலும் என்பதை அத்தாய்க்கு யார் சொன்னார்கள்?

1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் வலுக்குறைந்தோரின் உரிமைகளைக் காக்கவே இயற்றப்பட்டது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை. வலயக் கல்விப் பணிமனைகளிடம் நாம் கேட்பது இதுதான்: ஆசிரியரையும் பெற்றோரையும் ஒருங்கிருத்தித் தமிழிலேயே பயிற்சி தருக. காலபோக விதைப்பு நாளில் வகுப்பு வைத்தால் கமக்காரர் எங்ஙனம் வருவார்? அறுவடை முடிந்தபின் வைக்கட்டும், பிள்ளைகளும் உடனிருக்கட்டும்.