மூலமும் பொதியும்

கணினிக் கல்வியில் புதிதாக நுழைவோர், கடலூரிலாயினும் சிதம்பரத்திலாயினும், கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. “திறந்த மூல மென்பொருளை எவரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்கிறார்கள். அதனை எழுதியவரே நேராக எனக்கு அனுப்புகிறாரா? இடையில் எவரேனும் இருந்தால், அவரை எங்ஙனம் நம்புவது?” என்பதே அது. நல்ல கேள்வி. இடையில் ஒரு பெரும்பணி நடைபெறத்தான் செய்கிறது. அதற்குப் பொதியாக்கம் என்று பெயர்.

நம் மாவட்டத்துப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியை எண்ணிப் பாருங்கள். மரத்திலிருந்து விழுந்த கொட்டையை அப்படியே கடித்தால் ஓட்டிலுள்ள எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும். வறுத்தோ அவித்தோ, ஓட்டை உடைத்து, தோலை நீக்கி, தரம் பிரித்து, காற்றுப் புகாமல் அடைத்த பிறகே அது கடைக்கு வருகிறது. மனிதர் எழுதிய மூல நிரலும் அத்தகையதே. அதனைக் கணினி அறியும் இயந்திர மொழிக்கு மாற்றவேண்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டும் என்று வகுக்கவேண்டும். பெயரும் பதிப்பு எண்ணும் உரிம விவரமும் எழுதி ஒட்டவேண்டும். இவ்வளவும் செய்து கட்டிய கட்டையே பொதி என்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த மென்பொருளும் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. படம் காட்டும் மென்பொருள் ஒன்று, படத்தை விரிக்கும் வேறொரு நிரலைச் சார்ந்திருக்கும். அது மற்றொன்றைச் சார்ந்திருக்கும். இவற்றைச் சார்புகள் என்பர். எதற்கு எது வேண்டும் என்ற பட்டியலைப் பொதியாளர் எழுதி வைக்கிறார். நீங்கள் ஒன்றைக் கேட்டால், அதற்கு வேண்டிய அனைத்தும் உடன் வந்து சேர்வது அந்தப் பட்டியலின் பயனேயாம்.

இப்பணியைப் பலருக்கும் எளிதாக்கும் பொதுச் சேவைகளும் உள்ளன. ஓப்பன்சூசே சமூகத்தாரின் ‘ஓப்பன் பில்டு சர்வீஸ்’ அவற்றுள் ஒன்று. மூல நிரலையும், அதனைக் கட்டும் முறையைக் கூறும் குறிப்பையும் அங்கே ஒப்படைத்தால் போதும். அச்சேவை ஒவ்வொரு முறையும் துப்புரவான தனிச் சூழலொன்றை உண்டாக்கி, அதனுள் சார்புகளை நிறுவி, பல இயங்குதளங்களுக்கும் பலவகைச் செயலிகளுக்கும் தனித்தனியே பொதி கட்டி, மின் கையொப்பமிட்டு வெளியிடுகிறது. ஒரு சார்பு மாறினால், அதனை நம்பியிருக்கும் பொதிகளைத் தானே மீண்டும் கட்டிவிடுகிறது.

இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று டெபியன். 1993-இல் இயான் மர்டாக் என்னும் அமெரிக்கக் கல்லூரி மாணவர் அதனைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வளர்க்கும் அவ்வியங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு, 2023-இல் 64,000-க்கு மேற்பட்ட பொதிகளோடு வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டே சென்னை சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தை ஆக்கியது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அது நம் மாணவர் கைகளுக்கும் வந்தது.

இனி நம்பிக்கையைப் பற்றிக் கூறுவேன். அகநானூற்றைப் பாடியவர் பலர். ஆயினும் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் பெயர் சுட்டி வைத்தனர் நம் முன்னோர். பாடியவரோடு தொகுத்தவருக்கும் பொறுப்பு உண்டன்றோ? பொதியில் பொதியாளர் பெயரும், அது வெளிவரும்போது கையொப்பமும் இருப்பது அப்பொறுப்பின் அடையாளம்.

அப்பொறுப்பு சோதிக்கப்பட்டது 2024-இல். எக்ஸ்-இசட் என்பது தரவுகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். எண்ணற்ற கணினிகள் அதனைச் சார்ந்திருக்கின்றன. அதனை நெடுங்காலம் பேணியவர் பெரும்பாலும் ஒருவரே. அதுவும் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். இன்னாரென்று அறியப்படாத ஒருவர் 2021 முதல் உதவி செய்வார் போல நெருங்கி, நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் உரிமையையும் பெற்றார். பின்னர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பிறர் கணினிக்குள் நுழைவதற்குக் கள்ளவழி ஒன்றை வைத்தார். அதனைத் தூண்டும் பகுதியை எல்லோரும் பார்க்கும் நிரற்களஞ்சியத்தில் வைக்கவில்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய மூட்டையில் மட்டுமே வைத்தார்! மூலம் திறந்திருந்தது, மூட்டையில்தான் வஞ்சம் இருந்தது.

அதனைக் கண்டவர் ஆந்திரேஸ் பிராய்ண்டு என்னும் மென்பொருள் வல்லுநர். டெபியனின் நிலையாப் பதிப்பில் வேறொரு பணி செய்துகொண்டிருந்தபோது, தொலைக் கணினியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடினார். மார்ச் 29-ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். டெபியனில் புதிய பொதி எதுவும் முதலில் நிலையாப் பதிப்பிலும், பிறகு சோதனைப் பதிப்பிலும் இருந்த பின்னரே நிலைப் பதிப்பை அடையும். அதனால் அந்நஞ்சு நிலைப் பதிப்பை எட்டவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? மூலம் திறந்திருப்பது மட்டும் காவலாகாது; திறந்திருப்பதைப் பார்க்கும் கண்களும் வேண்டும். ஒரே மூலத்தை எவர் கட்டினும் ஒரே பொதி கிடைக்கவேண்டும் என்று டெபியன் குழுவினர் 2013 முதல் உழைத்து வருவது இதற்காகவே. அவ்வாறு கிடைக்குமாயின், பொதி கட்டும்போது மட்டும் நுழைத்த வேறுபாட்டை எவரும் ஒப்பிட்டுக் கண்டுவிடலாம்.

மாணவர்களே, இப்பணியில் சேர்வதற்குப் பெரும் பட்டம் வேண்டுவதில்லை. முதலாவதாக, பொதியை உரிய களஞ்சியத்திலிருந்தே பெறுங்கள். கையொப்பம் பொருந்தவில்லை என்று கணினி எச்சரித்தால் அதனைப் புறக்கணியாதீர்கள். இரண்டாவதாக, பிழை கண்டால் எப்பதிப்பில், என்ன செய்தபோது நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். மூன்றாவதாக, ஒரு சிறு நிரலையேனும் நீங்களே பொதியாகக் கட்டிப் பழகுங்கள். எக்ஸ்-இசட்டைப் பேணியவர் தனியே உழைத்ததால்தான், உதவ வந்தவனின் உள்ளத்தை ஆராய அவருக்கு நேரமும் துணையும் இல்லாமற்போயின. அத்தகையோருக்கு நேர்மையான துணைவர்களாக உங்களுள் சிலரேனும் செல்வீர்களாயின், அதுவே நாம் பெற்ற கொடைக்கு ஏற்ற கைம்மாறாகும்.