ஒரு கணினிக்குள் பல கணினிகள்

(கல்விக் கழக வெள்ளிவிழாவில் அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் பழம்பெருமை பேசுவது மரபு. நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ நாளைய பிழைப்புக்கும் உயர்வுக்கும் உதவக்கூடிய ஒரு தொழிற்கலை. அதன் பெயர் மெய்நிகர்க் கணினி. ஆங்கிலப் பெயரை அப்படியே வைத்து விர்ச்சுவல் மெஷின் என்றும் வழங்குவர்.

மெய்நிகர்க் கணினி என்றால் என்ன? அது கையால் எடுத்துக் காட்டக்கூடிய பொருளன்று. மென்பொருளால் ஆக்கப்பட்ட கணினி. பெரிய வீடொன்றைத் தடுத்து நான்கு குடித்தனம் வைப்பதுண்டு. கிணறும் முற்றமும் பொது. அடுப்பும் கதவும் பூட்டும் தனித்தனி. அதுபோல, நம் கணினியின் பிராசசரையும் ரேம் நினைவகத்தையும் வன்தட்டையும் பங்கிட்டுக் கொடுத்து, உள்ளே வேறொரு கணினியைக் குடிவைக்கிறோம். வெளியே விண்டோஸ், உள்ளே லினக்ஸ். இரண்டும் ஒரே வேளையில் இயங்கும்.

இது நேற்றுத் தோன்றியதன்று. கணினியின் விலை எட்டாக் கனியாக இருந்த 1960களில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தார், ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்தவும், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் கணினி இருப்பதாகவே உணரவும் வழி கண்டனர். 1972இல் ஐபிஎம் அதனை விஎம்/370 என்னும் பெயரில் வெளியிட்டது. 1999இல் விஎம்வேர் நிறுவனம் அதனை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007இல் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதன் அடிப்படை மென்பொருளைக் கட்டணமின்றிப் பெறலாம். கருவி ஒன்று, தேவையுடையோர் பலர் என்ற நிலையில் பிறந்த கலை இது. நமக்கு இதைவிடப் பொருந்தும் கலை வேறு உண்டோ?

அமைக்கும் முறையைக் கூறுவோம். முதலில், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, சிபியு பகுதியில் விர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் உள்ளதா என்று காண்க. இல்லையெனில், பிராசசர் அதற்கு இடந்தருவதாயின், கணினி தொடங்கும்போது பயாஸ் அமைப்பிற்குள் சென்று இயக்குக. அடுத்து, விர்ச்சுவல்பாக்ஸையும், உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பையும் அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே இறக்குக. பின்னர்ப் புதிய கணினியைப் படைத்து நினைவகம் ஒதுக்குக. மொத்த ரேமில் பாதிக்கு மேல் கொடுத்தால் வீட்டுக்காரரும் தவிப்பார், குடியிருப்பவரும் தவிப்பார். 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில், திரைப்பகட்டு இல்லாத டெபியனை 1 ஜிபியில் ஓட்டலாம். மெய்நிகர் வன்தட்டுக்கு 25 ஜிபி குறித்தாலும், வளரும் வகையைத் தேர்ந்தால், நிரம்பிய அளவே இடம் பிடிக்கும்.

இளைஞர்களே, இனிக் கூறுவதை ஊன்றிக் கேளுங்கள். கணினியின் முன் அமரும் நம் பிள்ளை முதலில் கேட்கும் சொல் எது? "தொடாதே, கெட்டுவிடும்!" இச்சொல்லின் கசப்பை நாம் வேறு இடங்களிலும் அறிந்தவர்கள். வசதி படைத்த வீட்டில் ஒன்று கெட்டால் மற்றொன்று வரும். நம் வீட்டிலோ இருப்பது ஒன்று. அண்ணனின் வேலை விண்ணப்பமும் தங்கையின் பாடக்குறிப்பும் அதில்தான். அச்சம் பிறக்கிறது, அஞ்சிய கை கற்பதில்லை.

இந்த அச்சத்தைப் போக்குவதே ஸ்னாப்ஷாட் என்னும் வசதி. மெய்நிகர்க் கணினியின் இப்போதைய நிலையைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு துணிந்து சோதியுங்கள். அமைப்புக் கோப்பை அழித்துப் பாருங்கள். அது எழ மறுத்தால், பதிந்து வைத்த நிலைக்குச் சில நொடிகளில் மீட்டுவிடலாம். கெடுத்துப் பார்த்துச் சீர்செய்தவனுக்கே இயந்திரத்தின் உள்ளறிவு வாய்க்கும். அடுத்த படியாக, இரண்டு மெய்நிகர்க் கணினிகளை அமைத்து, ஒன்றில் அப்பாச்சி வழங்கியை நிறுவி, மற்றொன்றிலிருந்து அதனை அணுகுங்கள். வலையமைப்புப் பாடம் முழுவதற்கும் அதுவே அரிச்சுவடி. மேகக் கணிமை என்று உலகம் வாடகைக்கு விடுவதும் பெரும்பாலும் இத்தகைய கணினிகளையே. வீட்டில் பழகிய கை அலுவலகத்தில் தடுமாறாது.

சில எச்சரிக்கைகளும் தேவை. ஸ்னாப்ஷாட் காப்புநகல் ஆகாது. வன்தட்டு பழுதானால் இரண்டும் போகும். ஆதலின் முக்கியக் கோப்புகளை வேறிடத்திலும் வைத்திருங்கள். உள்ளும் வெளியும் பொதுவாகப் பகிரும் கோப்புறையில் உள்ளிருந்து அழித்தால், வெளியிலும் அழியும். விண்டோஸை உள்ளே நிறுவினால் அதற்கும் தனி உரிமம் வேண்டும், லினக்ஸுக்கு அச்செலவில்லை.

நிறைவாக, கழகப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்துக் கணினியில் மாணவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மெய்நிகர்க் கணினி அமைப்போம். ஒருமுறை நிறுவியதை நகலெடுத்தால் போதும். ஒரு வேளைக்கு ஒருவர் என முறைவைத்துப் பழகட்டும். ஒருவர் செய்த பிழை மற்றவர் வேலையைக் கெடுக்காது. மேற்படிப்புக்கு வெளியூர் செல்பவர் தம் கணினியை ஒரே கோப்பாக்கி எடுத்துச் செல்லவும் இயலும். புதுக் கணினிக்குப் பொருள் போதாவிடில், இருக்கும் கணினிக்கு ரேம் கூட்டிக் கொடுங்கள். அதுவும் கல்விக் கொடையே.

இளைஞர்களே, அஞ்சாமல் தொடுங்கள், ஆராய்ந்து தொடுங்கள், கற்றதை அடுத்தவர்க்கும் கற்பியுங்கள். இக்கழகம் பொன்விழாக் காணும் நாளில், இம்மேடையில் நின்று இக்கலையைக் கற்பிப்பவர் உங்களுள் ஒருவராக இருத்தல் வேண்டும்.