எழுதிச் சொல்வதா, தொட்டுக் காட்டுவதா?

(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கணனி படித்து வந்தவன் அல்ல. உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இப்போது இங்கே டுசல்டோர்ஃபில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் மெசினில் நிற்கிறேன். இருந்தாலும் இந்த விசயத்தைப் பேச எனக்குக் கொஞ்ச உரிமை இருக்கெண்டு நினைக்கிறன். ஏனென்றால் அந்த மெசினிலேயே இரண்டு முறையும் இருக்கிறது. திரையில் படத்தைத் தொட்டும் வேலை செய்யலாம், கட்டளையை எழுதியும் செய்யலாம். எம் 3 என்று எழுதினால் சுழல்தண்டு வலப்பக்கமாகச் சுழலும். எம் 8 என்றால் குளிர்நீர் வரும். எம் 30 என்றால் நிரல் முடிந்து பழையபடி தொடக்கத்துக்குப் போய் நிற்கும். புதிதாக வருகிற பொடியனுக்கு முதல் நாளே படத்திரையில் வேலை கொடுத்துவிடலாம். ஆனால் மெசின் இடையில் நிண்டுட்டுதெண்டால், எந்த வரியில் நின்றது என்று வாசிக்கத் தெரிந்தவனைத்தான் தேடுவினம்.

வீட்டுக் கணனியின் கதையும் இதுதான். 1981இல் வந்த டொஸ்ஸில் கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் ஒரு கோடும்தான். டிர், கொப்பி, டெல் என்று எழுதினால்தான் ஏதாவது நடக்கும். சுண்டெலியோ அதைவிடப் பழையது. 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் அதைச் சபைக்குக் காட்டினார். அதே ஆண்டு இங்கே ஜேர்மனியிலும் டெலிஃபுங்கன் நிறுவனம் உருள்பந்து வைத்த ஒன்றை வெளியிட்டது, இது கனபேருக்குத் தெரியாது. பிறகு 1984இல் மெக்கின்டோஷ், 1990இல் விண்டோஸ் 3.0, 1995இல் விண்டோஸ் 95. அதோடு கறுப்புத் திரை பின்கட்டுக்குப் போய்விட்டது.

தமிழனுக்கு இதனால் லாபம்தான், அதை மறைக்கக்கூடாது. டொஸ்ஸின் எழுத்துத் திரைக்கு ஒரு தொகுதியில் 256 குறிகள்தான். ஆங்கிலமும் கோடுகளும் போக மிச்சமிருந்த இடம் எங்கடை எழுத்துக்குக் காணாது. எழுத்தைப் படமாக வரையும் திரை வந்த பிறகுதான் பாமினி போன்ற எழுத்துருவைப் போட்டுவிட்டு வீட்டிலிருந்தே மலர் அடிக்க முடிந்தது. இன்றைக்கும் பல கட்டளைத் திரைகளில் தமிழ் அடித்துப் பாருங்கோ, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். கட்டளைகளும் ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாத ஒரு தாயிடம் போய் இதைப் படியுங்கோ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் படம் எல்லாருக்கும் விளங்கும் என்பது பாதிக் கதை. ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவா.

"அம்மா, மேல வலப்பக்கம் மூண்டு புள்ளி இருக்கே, அதைத் தொடுங்கோ."

"இஞ்ச புள்ளி ஒண்டுமில்லைத் தம்பி, பச்சையா ஒண்டுதான் கிடக்கு."

படத்தை ரெலிபோனில் சொல்ல முடியாது. போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் அது இருக்காது. கட்டளை வரியைக் கொப்பியில் எழுதி வைக்கலாம், வாயால் சொல்லலாம், பத்து வருசம் போனாலும் பெரும்பாலும் அதே வரி வேலை செய்யும். சாமத்தியவீட்டுப் படம் எண்ணூறு, இடையிலே வீடியோவும் கடிதங்களும் கலந்து கிடக்கிறது என்று வையுங்கோ. கொப்பி, நட்சத்திரம், புள்ளி, ஜேபிஜி, பிறகு போகவேண்டிய இடம். இந்த ஒரு வரியில் ஜேபிஜி படங்கள் மட்டும் அங்கே போய்ச் சேரும்.

இரண்டையும் சேர்த்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். 1996 அக்டோபர் 14இல், டூபிங்கன் மாணவர் மத்தியாஸ் எட்ரிச், லினக்ஸுக்கு ஒரு முழுமையான படமுகம் வேண்டும், சாதாரண ஆட்களும் பாவிக்கவேண்டும் என்று அழைப்பு விட்டார். அதுதான் கேடிஈ. இலவசம். கட்டளைத் திரையும் அதற்குள்ளேயே ஒரு யன்னலாக இருக்கும். 2025இல் அதே அக்டோபர் 14இல்தான் மைக்ரோசொஃப்ற் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பை நிறுத்தியது. ஐரோப்பாவில் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் வரை தவணை. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பாவித்துவிட்ட பழைய மடிக்கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எறியமுதல் கேடிஈயோடு ஒரு லினக்ஸைப் போட்டுப் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, இதைக் கட்டாயம் கேட்டுப்போட்டுப் போங்கோ. 2024 தொடக்கம் ஒரு ஏமாற்று பரவி வருகிறது. ஏதோ ஒரு பக்கம் திறக்கும், நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்கச் சொல்லும். விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் அமர்த்துங்கள், பிறகு கொன்ட்ரோலும் வீ எழுத்தும், பிறகு என்டர். ஜேர்மன் விசைப்பலகையில் கொன்ட்ரோலுக்குப் பதில் ஸ்டொயெருங் என்பதன் சுருக்கம் இருக்கும். விண்டோஸ் விசையோடு ஆர் அமர்த்தத் திறக்கும் அந்தச் சின்னப் பெட்டி கட்டளை கொடுக்கும் இடம். வீயோடு ஒட்டுப்படுவது நீங்கள் எழுதாத ஒரு கட்டளை. அந்தப் பக்கமே அதைக் களவாக உங்கள் கணனியில் கொப்பி பண்ணி வைத்திருக்கும். என்டர் அடித்தால் கடவுச்சொற்களும் வங்கி விபரமும் போய்விடலாம். உண்மையான எந்தச் சோதனையும் இந்த மூன்றையும் கேட்காது. கேட்டால் பக்கத்தை மூடிவிடுங்கள். அமர்த்திவிட்டீர்கள் என்றால் இணையத்தைக் கழற்றிவிட்டு, வேறொரு கணனியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

கேள்வி இருக்கிறவை தேத்தண்ணி நேரத்தில் வாங்கோ, மடிக்கணனி கொண்டுவந்திருக்கிறன்.