மாடி ஏரியலும் மழைநீரும்

ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் முறையை வழி காட்டும் கருவியாகவே நம்மிற் பலர் அறிவோம். அது நேரமும் சொல்கிறது. அதன் துணையால் வீட்டுக் கணிப்பொறியின் கடிகாரத்தை, நொடியின் மிகச் சிறு கூறும் பிசகாமல் வைத்துக்கொள்ளலாம். இதற்கென மொட்டை மாடியில் சிறு ஏரியல் நிறுவும் அன்பர்கள் உண்டு. அங்கிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேபிளைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

மும்பையில் நாம் வைத்த முதல் ஏரியல் மே மாதத்தில் செவ்வையாக இயங்கியது. ஜூலை மழையில் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஏரியல் பழுதென்று எண்ணி வேறொன்று வாங்கினோம், பயனில்லை. பின்னர் இணைப்பைக் கழற்றினால், உள்ளிருந்து நீர் சொட்டியது. செம்பில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. பிழை ஏரியலினதன்று, நம்முடையதே.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் இவ்வலை மிகவும் மெலிந்தது. ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால், நம்மை எட்டுவது ஏறத்தாழ ஒரு பங்கே. அதனால்தான் ஏரியலுக்குள்ளேயே ஒரு பெருக்கி வைக்கிறார்கள். அதற்கு வேண்டிய 3 முதல் 5 வோல்ட் மின்சாரமும் இதே கேபிள் வழியாகவே மேலேறுகிறது. ஈரமும் மின்சாரமும் கூடினால் செம்பு விரைந்து அரிக்கப்படும்.

எந்தக் கேபிள் வாங்குவது? மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிளில் 20 மீட்டர் கடந்தால் அலையில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சாது. டிஷ் தொலைக்காட்சிக்கு இழுக்கும் ஆர்.ஜி.-6 கேபிளிலோ நாலில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சும். அது 75 ஓம், ஏரியல் 50 ஓம் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வேறுபாட்டால் திரும்பிப்போவது நூற்றில் நாலு பங்கே. டிஷ் கேபிள் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சுமக்கிறது, ஜி.பி.எஸ்.ஸின் 1575.42 அதற்குள் அடங்கும். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுள்ளதாகக் கேட்டு வாங்குக. ஆனால் டிஷ்ஷுக்கு ஏற்கெனவே ஓடும் கேபிளில் இதைச் சேர்க்கலாகாது; அதில் ஏறும் 13 அல்லது 18 வோல்ட் ஏரியலைக் கெடுத்துவிடும்.

இனி, மழை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலக் கேபிளின் கம்பிப் பின்னல் நீரை உறிஞ்சும். ஒரு முனையில் புகுந்த நீர் நெடுந்தூரம் செல்லும். ஆகவே வெட்டிய முனையை ஒரு நாளும் திறந்து வைத்தல் கூடாது. இணைப்பை இறுக்கிய பின், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுக. ஓடு வேய்பவர் இறவாரத்திலிருந்து தொடங்குவதும் இக்காரணம் பற்றியே; மேலடுக்கு கீழடுக்கின்மீது படிந்தால் நீர் வழிந்துவிடும். அதன்மேல் கறுப்பு பி.வி.சி. நாடாவைச் சுற்றுக, கடைசிச் சுற்றை இழுக்காமல் விட்டால் அது பிரியாது. காடி நாற்றம் வீசும் சிலிகோன் பசை செம்பை அரிக்கும், அதனை விலக்குக.

கேபிள் சுவருக்குள் நுழையுமுன் துளைக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறட்டும். நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப்போகும். துளையும் வெளிப்புறம் சரிந்திருத்தல் நன்று. கட்டடத்தில் இடிதாங்கி இருப்பின் ஏரியலை அதன் உச்சிக்குக் கீழாகவே அமைத்து, கேபிளின் உறைக்கம்பியை நிலத்தோடு இணைக்க மின்பணியாளரை அழைப்பது கடமை.

வாடகை வீட்டில் வாழும் நம்மவர்க்கு மொட்டை மாடி பொதுவிடம். இசைவு பெற்றே ஏறுகிறோம். ஆதலின் ஒரே முறை ஏறினாலும் வேலை பல மழைக்குத் தாங்க வேண்டும். அன்று நாடாவுக்கு ஆகும் சிறு செலவைத் தவிர்த்தோம். இரண்டாவது ஏரியலின் விலையைக் கொடுத்துப் பாடம் கற்றோம். நேயர்கள் அதனை நாடாவின் விலைக்கே பெறலாம்.